நீல வெளிச்சத்தில் மீசை

மருந்தாளுநருக்கு வயிறு எரிந்தது. அதற்குத் தன் மருந்தகத்தில் மாத்திரை கிடையாது என்பது அவருக்கே தெரியும். வீட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து வைத்திருந்த அவருடைய சொந்த கப், ஆலோசனை அறையில் நெட்டையின் முன்னால் ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது.

நெட்டை என்பது அவராக வைத்த பெயர். ஆள் வெளிநாட்டிலிருந்து வந்த ஆராய்ச்சி டாக்டர். புதுக் காய்ச்சல் ஒன்று கிளம்பினால் எப்படிச் சமாளிப்பது என்று ஐந்து நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து இன்று ஒத்திகை பார்க்கின்றன. இங்கே அதை நடத்துவது கிருமி ஆராய்ச்சி டாக்டரம்மா. அதாவது, மருந்தாளுநரின் மனைவி. மாதக்கணக்கில் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் இந்த நெட்டையிடம்தான். கட்டிய புருஷனிடம் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

கதவோரம் நின்று பார்த்தார். நெட்டை காபியைத் தொடவே இல்லை. கப்பையே ரசித்துக்கொண்டிருந்தார்.

"என் கப்பை யாரு அவருக்குக் குடுத்தது?" என்று ஆயாம்மாவிடம் பல்லைக் கடித்தார்.

"எனக்கென்ன சார் தெரியும்? கைக்கு வந்த கப்புல ஊத்தினேன்."

மனைவியும் நெட்டையும் வெளியே போனதும் உள்ளே பாய்ந்தார். காபியை ஒரே மடக்கில் குடித்து, மீசையைத் துடைத்து, கப்பை மேஜை இழுப்பறைக்குள் ஒளித்தார். அதோடு விட்டாரா? மனைவியின் பக்கத்தில் இருந்த நெட்டையின் நாற்காலியை இழுத்து மறுகோடியில் போட்டார். அதற்குள் காலடிச் சத்தம். சட்டென்று ஜன்னல் திரைக்குப் பின்னால் புகுந்துகொண்டார்.

"அட, இங்கதான் காத்து நல்லா வருது," என்று மனைவி தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு நெட்டையின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

"உங்க ஆள் ரெடியா?" என்றார் நெட்டை.

"ரெடி. பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

அதே சிரிப்பு! மருந்தாளுநர் ஜன்னல் திரையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டார்.

அவர்கள் மறுபடி எழுந்து போனபோது அவளுடைய போன் மேஜையிலேயே கிடந்தது. எடுத்துத் தன் பிறந்தநாளை அழுத்தினார். திறக்கவில்லை. கல்யாண நாளை அழுத்தினார். அதற்கும் திறக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. நேரே தலைமை மருத்துவரிடம் ஓடி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்த ஒத்திகையை நிறுத்துங்க! என் குடும்பமே போச்சு!"

தலைமை மருத்துவர் குழம்பிப்போய்த் தன் வழுக்கையைத் தடவினார். "ஒத்திகையே முடிஞ்சுதேய்யா. வாங்க, முடிவைப் பார்க்கலாம்."

ஆலோசனை அறை நிரம்பியிருந்தது. சுவரில் இருந்த பெரிய திரையில் மற்ற நாலு நாட்டு டாக்டர்களும் காத்திருந்தார்கள்.

"கிருமிக்குப் பதிலா, கண்ணுக்குத் தெரியாத பொடியை ஒரே ஒரு பொருள்ல தடவினோம். உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. நீல வெளிச்சத்துல மட்டும் மின்னும்," என்ற டாக்டரம்மா அறை விளக்கை அணைத்து, கையிலிருந்த நீல விளக்கைப் போட்டாள்.

இழுப்பறைப் பிடி மின்னியது. நாற்காலி மின்னியது. ஜன்னல் திரையில் ஆள் உயரத்தில் இரண்டு உள்ளங்கைகள் மின்னின. அவளுடைய போன் மின்னியது. தலைமை மருத்துவரின் வழுக்கையில் ஐந்து விரல்கள் மின்னின. கடைசியில், மூலையில் ஒரு மீசை தனியாக மின்னியது.

திரையில் நாலு நாடும் கைதட்டின.

"மத்த நாடுகள்ல பொடி ரெண்டு கதவுப்பிடியோட நின்னுபோச்சு. இவ்வளவு அருமையா பரப்பின ஆள் வேற யாருமில்லை!" என்று நெட்டை ஓடிவந்து மருந்தாளுநரின் கையைக் குலுக்கினார்.

மானம் போகிறதே என்று மருந்தாளுநர் சமாளித்தார். "அது... தற்செயலா நடந்ததுங்க. என் கப்பாச்சேன்னு எடுத்தேன். அவ்வளவுதான்."

ஆயாம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"தற்செயலா? உங்க கப்பை அவர் முன்னாடி வைக்கச் சொன்னதே டாக்டரம்மாதான் சார். 'எங்க வீட்டுக்காரர் வயித்தெரிச்சல் பரவுற வேகத்துக்கு எந்தக் கிருமியும் பரவாது'ன்னாங்க!"