வண்டியோடு வந்தவர்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு, சக்கரம் சம்பந்தமாக நடந்த மாபெரும் நிகழ்ச்சி, என் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய காரை வரவழைத்ததுதான். இடையில் நடந்ததெல்லாம் சில்லறைச் சமாச்சாரம்.

அண்ணன் குளியலறைக் குழாய்களின் மொத்த வியாபாரி. அவர் கடையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து “ஆமாம்” சொல்வது என் உத்தியோகம். அதைக் குறைவில்லாமல் செய்து வருகிறேன். அண்ணனுக்குப் பழசு என்றாலே ஆகாது. ஒருதரம் மாட்டிக் கழற்றிய குழாயைத் திருப்பிக் கொண்டுவந்தால், கையால்கூடத் தொட மாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் திடீரென்று ஞானம் பிறந்தது. பணக்காரன் புதுக் கார் வாங்குவான். ‘பரம்பரைப் பணக்காரன்’ பழைய கார் வைத்திருப்பான். எங்கள் பரம்பரையில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதுவும் திருட்டுப் போய்விட்டது. ஆகவே பரம்பரையை இறக்குமதி செய்வது என்று முடிவாயிற்று.

கார் கப்பலில் வந்து இறங்கியது. பால் நிறம், உப்பிய மட்கார்டு, பல்லைக் காட்டுகிற மாதிரி முன்பக்கம். சுங்க அதிகாரி அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“உண்மையிலேயே பழசா இருந்தாத்தான் உள்ள விட முடியும். இது பழசுங்கறதுக்கு என்ன ஆதாரம்?”

“ஓடாது சார்,” என்றார் அண்ணன், பெருமையாக.

“போன வாரம் நான் வாங்குன புதுக் காரும்தான் ஓடலை. வேற ஏதாவது சொல்லுங்க.”

“கதவைத் தொறந்தா கையோட வந்துரும் சார்.”

அதிகாரி திறந்து பார்த்தார். வந்துவிட்டது. “நல்ல வண்டிதான்,” என்று கதவை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு லாரியில் வந்த காருக்கு அண்ணி வைத்த பெயர் ‘சீமாட்டி’. அண்ணன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். சீமாட்டி வெயிலில் நிற்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது, அவள்மேல் காக்கை உட்காரக் கூடாது. இதைப் பற்றி ஆலோசிக்க அவசரக் குடும்பக் கூட்டம் கூடியது. தலைமை அண்ணன். பொருள்: கீழே தெருவைப் பார்த்த முன்னறை. அந்த அறையில் அப்போது ஒரு கட்டில், ஒரு ஜன்னல், அப்பா ஆகிய மூன்றும் இருந்தன.

“மாடியில நல்லா காத்து வரும்பா,” என்றார் அண்ணன்.

“காத்து ஏறி வந்துரும். நான் எப்படிடா ஏறுறது? முட்டி மடங்க மாட்டேங்குது.”

“நாங்க எதுக்கு இருக்கோம்? கீழ வரணும்னா ஒரு குரல் குடுங்க. ஓடி வந்து இறக்கிட மாட்டோமா?”

“ஆமாம்,” என்றேன் நான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்பாவுக்கு ஓட்டு இல்லை. அவர் ‘சம்பந்தப்பட்ட தரப்பு’. எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் மாடி ஏறினார். அன்றே சுவரை இடித்து, ஷட்டர் போட்டு, சீமாட்டியைத் தள்ளி உள்ளே விட்டோம். ஜன்னல் மட்டும் தப்பித்தது.

அதற்குப் பிறகு அண்ணன் காட்டிய பாசத்தைச் சொன்னால் கல்லும் கரையும். முன்னறைக்கு ஏசி வந்தது. ஈரப்பதம் அளக்க ஒரு கருவி வந்தது. காலையில் எழுந்ததும் அண்ணன் நேரே அங்கேதான் போவார். “ராத்திரி நல்லா இருந்தியாம்மா? குளிரலையே?” என்று பானெட்டைத் தடவிக் கேட்பார். வயதானவர்களை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று என் அண்ணனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அப்பா மாடியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். ஏசி சத்தத்தில் கீழே கேட்கவில்லை. முன்பெல்லாம் அந்த ஜன்னலில் உட்கார்ந்து பேப்பர் போடுகிறவர், தபால்காரர், எதிர்வீட்டு வாத்தியார் என்று போகிற வருகிற எல்லாரையும் நிறுத்தி வம்பளப்பார். மாடியிலிருந்து பார்த்தால் அவர்களுடைய உச்சந்தலை மட்டும்தான் தெரியும். உச்சந்தலையோடு எவ்வளவு நேரம் பேச முடியும்?

இதற்கிடையில் அண்ணன் ‘பழமை வாகனப் பேரவை’யில் சேர்ந்தார். பேரவை வருடத்துக்கு ஒரு கோப்பை தரும். அதற்கு ஒரே அளவுகோல் ‘அசல்தன்மை’. வண்டியில் எல்லாமே வந்தபடி இருக்க வேண்டும். ஒரு திருகாணியை மாற்றியிருந்தாலும் மதிப்பெண் குறையும். உள்ளூரில் எதையாவது சேர்த்திருந்தால் வண்டியையே தள்ளிவிடுவார்கள்.

நடுவர் வருகிற நாள் வந்தது. அவரை அழைத்துவர அண்ணனும் நானும் போனோம். அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு காரியம் செய்தார். மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக நகர்ந்து நகர்ந்து, தானே கீழே வந்துவிட்டார். முன்னறையில் கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. உட்காருகிற மாதிரி இருந்தது சீமாட்டியின் பின்சீட்டு மட்டும்தான். ஏறி உட்கார்ந்தார். ஏசி குளிருக்கு, மாடியிலிருந்து கையோடு கொண்டுவந்த தன் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அண்ணி அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

“மாமா, அவர் பாத்தா கத்துவாரு.”

“கத்தட்டும்மா. அந்தச் சாக்குலயாவது எங்கிட்ட நாலு வார்த்தை பேசுவான்ல?”

அண்ணி போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தார். இதெல்லாம் அண்ணி பிறகு என்னிடம் சொன்னது.

நாங்கள் வந்து ஷட்டரைத் தூக்கினோம். பின்சீட்டில், சாய்ந்த தலையும் மங்கிய கோட்டுமாக அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. நடுவரோ இரண்டு கையையும் குவித்துவிட்டார்.

“அடடா! எல்லாரும் வண்டியைத்தான் பாதுகாப்பாங்க. நீங்க பயணியோட சேத்துப் பாதுகாத்திருக்கீங்களே!”

பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவர் நெருங்கியபோது அப்பா கண் விழித்தார்.

“பல்லு?” என்றார் நடுவர்.

“மேல் வரிசை கட்டுனதுங்க,” என்றார் அப்பா.

“ஒரு மதிப்பெண் போச்சு. கண்ணு?”

“வலது கண்ணுல லென்ஸ் வெச்சிருக்கு.”

“அரை மதிப்பெண். முட்டி?”

“முட்டி அசலுங்க. அதான் தகராறே.”

“அசலா!” நடுவர் நெகிழ்ந்து போனார். “இந்தக் காலத்துல முட்டியை யாருங்க அசலா வெச்சிருக்காங்க? முழு மதிப்பெண்!”

பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். குரலில் அதிகாரம் ஏறியது.

“ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவர் வண்டியோட வந்தவரா? இல்ல, இங்க பொருத்துனதா? உள்ளூர்ச் சரக்குன்னா மன்னிக்கணும், வண்டி போட்டியிலயே இல்லை.”

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கோப்பையைப் பார்த்தார். அது நடுவரின் கக்கத்தில் பளபளவென்று இருந்தது. என் அண்ணனுடைய மனத்திண்மையை அன்றுதான் கண்டேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷமாவது தடுமாறியிருப்பார்கள்.

“வண்டியோட வந்தவர் சார்.”

நடுவர் உறுதிப்படுத்திக்கொள்ள என்னைப் பார்த்தார். நான் என் உத்தியோகத்தைச் செய்தேன்.

அப்பா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“ஆமாங்க. வண்டியோட வந்தவன்தான். ஒரு சந்தேகம் கேக்கலாமா? எங்களைத் தனித்தனியா பிரிச்சு, என்னைக் கொண்டுபோய் மாடியில வைக்கலாமா?”

“ஐயையோ!” பதறினார் நடுவர். “பிரிக்கவே கூடாது. வண்டி எங்கயோ இவரும் அங்கதான். சொல்லாம கொள்ளாம வந்து பாப்போம். இவர் இல்லைன்னா கோப்பையைத் திருப்பி வாங்கிருவோம்.”

“அப்ப சரி,” என்று அப்பா சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கோப்பை இப்போது எங்கள் கடையில், விலை உயர்ந்த ஷவர்களுக்கு நடுவே நிற்கிறது. முன்னறையில் சீமாட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டாகிவிட்டது. ஜன்னல் திறந்திருக்கிறது. வாத்தியாரும் தபால்காரரும் முன்போல நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். அப்பா இருமினால் போதும், அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வருகிறார். டாக்டர் வாரம் தவறாமல் வருகிறார். பேரவைக்காரர்கள் எப்போது வந்து எட்டிப் பார்ப்பார்களோ என்ற பயம். மாடியில் அப்பாவாக இருந்தபோது கிடைக்காத மரியாதை, உதிரிபாகமான பிறகு கிடைத்திருக்கிறது. இப்படி ஒரு பதவி உயர்வை எந்தப் பிள்ளை தகப்பனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறான்?

அப்பாவும் நன்றி மறக்கவில்லை. அண்ணனை இப்போது “முதலாளி” என்றுதான் கூப்பிடுகிறார். அண்ணன் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். இரண்டு மாதமாகியும் அப்பா மாற்றிக்கொள்ளவில்லை. அண்ணன் இப்போதெல்லாம் அந்த அறையில் அதிக நேரம் நிற்பதில்லை. மருந்து கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே வெளியே வந்துவிடுகிறார்.

நேற்று காலை நான் உள்ளே போனேன். மனசு என்னவோ போல் இருந்தது.

“அப்பா, ராத்திரி நல்லா தூங்குனீங்களா?” என்றேன்.

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. புதிதாக வந்த ஆளிடம் பேசுகிற பணிவு மட்டும்தான் இருந்தது.

“அப்பான்னு இங்க யாரும் இல்லைங்களே தம்பி. வண்டியைப் பாக்க வந்தீங்களா?”

ஆகவே, பெற்றவரைக் கவனிக்காத பிள்ளை என்று என் அண்ணனை இனி எவருக்கும் குறை சொல்ல வாயில்லை. பெற்றவர் கீழறையில் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்க, ஒரு கோப்பைக்காகத் தன்னைத்தானே அனாதையாக்கிக்கொண்டவர் அவர். பக்கத்தில் நின்று “ஆமாம்” சொன்னதற்காக எனக்கும் அதில் சரிபாதி கிடைத்தது.