சபூறா வாசித்துக் காட்டிய கடிதம்

786

சாய்ந்தமருது,
07.08.1988

அன்பும் அறிவும் கொஞ்சம் அடக்கமும் இருக்க வேண்டிய மகன் றஸாக் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல நாயன் கிருபையால் நானும் உன் உம்மாவும் இங்கு சுகம். அதுபோல் கடல் கடந்து தோஹாவில் இருக்கும் உன் சுகத்துக்கும் ஐந்து நேரமும் துஆக் கேட்டுக்கொள்கிறோம். இந்த நாலு வரியும் வீண் தாள் செலவு, தந்தி அடிக்கிறமாதிரிச் சுருக்கி விஷயத்துக்கு வா என்று போன வருடம் உனக்கு எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை இத்தால் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏனென்பது கீழே வரும்.

நிற்க. உன்னோடு வேலை செய்கிற சரீப் லீவில் வந்து நீ கொடுத்தனுப்பிய மூன்று சாமான்களையும் சேதமில்லாமல் ஒப்படைத்தான். உம்மாவுக்குச் சால்வை, எனக்கு அத்தர், மூன்றாவதாக நடுவில் ஓட்டை விழுந்த ஒரு கறுப்புச் சதுரம். அதில் ஒட்டியிருந்த துண்டில், "வாப்பா, பதில் இந்த டிஸ்குக்குள் இருக்கிறது, கம்பியூட்டரில் போட்டுப் பாருங்கள், தமிழ் எழுத்தை நானே செய்து போட்டிருக்கிறேன்" என்று உன் கையெழுத்து. மகன், துண்டில் எழுதத் தெரிந்த நீ பதிலையும் அந்தத் துண்டிலேயே எழுதியிருந்தால் ஒரு சொல்லோடு போயிருக்கும். நான் கேட்டது என்ன? சம்மாந்துறை மஜீட் ஹாஜியாரின் மகள் நஸீறாவை முடிக்கச் சம்மதமா, இல்லையா. ஹாஜியார் அரிசி ஆலைக்காரர், வயற்காரர், மகளுக்கு வீடு கட்டி ஓடும் போட்டுவிட்டார், வாசல் கதவுக்கு என்ன நிறம் பூசுவதென்று மாப்பிள்ளையைக் கேட்பதற்காகக் கதவை மட்டும் வெறும் பலகையாக விட்டு வைத்திருந்தார். அவர் என்னைப் பள்ளிவாசலில் மறித்து, "மச்சான், வாற மாசம் முதல் வெள்ளிக்குள்ள ஓம், இல்ல, ரெண்டில ஒண்டச் சொல்லிப்போடுங்க, கதவு மழையில நனையுது" என்றார். நானும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் ஒரு கடிதத்தையும் தவறவிடாதவன், சொந்த மகனின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்முனையில் தையல் மெஷின் கடைக்கு மேல்மாடியில் றம்ஸியா என்ற பிள்ளை கம்பியூட்டர் வகுப்பு நடத்துகிறாள். வகுப்பென்றால் ஒரு மெஷினும் பதினாலு மாணவரும். மின்விசிறி மெஷினுக்கு, கொப்பி மட்டை மாணவருக்கு. கரண்ட் இருக்கிற நாளும் ஊரடங்கு இல்லாத நாளும் ஒன்றாக அமைவதற்கு நாலு நாள் காத்திருந்து, நானும் உன் உம்மாவும் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு ஏறினோம். உம்மாவை வேண்டாமென்றுதான் சொன்னேன், பெற்றவள் பார்க்கக்கூடாத அப்படி என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே எனக்கு முன்னால் ஏறினாள். றம்ஸியா சதுரத்தை மெஷினின் வாய்க்குள் வைத்தாள். அது கறகறவென்று மென்றுவிட்டுத் திரையில் துப்பியது இதுதான்: m];]yhK miyf;Fk;. அதற்குக் கீழும் திரை முட்ட அதேமாதிரி. நான் ஆங்கிலம் தெரிந்தவன் என்றபடியால் ஆங்கிலமாகவே வாசிக்க முயன்றேன். இரண்டு எழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி போட்டு ஒருவன் எழுதுகிறானென்றால் அவனுக்கு மூச்சுத் திணறல் இருக்கவேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

றம்ஸியாதான் விளக்கம் சொன்னாள். "மாமா, கம்பியூட்டருக்கு எழுத்து ஒண்டும் தெரியா. நம்பர் மட்டும்தான் தெரியும். இங்க 109 எண்டாச் சின்ன எம். உங்கட மகன் தன்ட கம்பியூட்டரில 109 எண்டா 'அ' எண்டு மாத்தி வெச்சிருக்காரு. டிஸ்கில வந்திருக்கிறது நம்பர்தான். எழுத்து தோஹாவிலேயே நிண்டுட்டு. எழுத்து இருக்கிற டிஸ்கையும் அனுப்பியிருக்கோணும், மறந்துட்டாரு போல." எழுத்து வேறு, இலக்கம் வேறு, ஒன்று வாசிக்க, மற்றது முத்திரை விற்க, இரண்டையும் குழப்புகிறவனை நான் கந்தோரில் சேர்த்திருக்கமாட்டேன் என்று சொன்னேன். அப்போதுதான் அதுவரைக்கும் முந்தானையால் திரைத் தூசியைத் துடைத்துக்கொண்டு நின்ற உன் உம்மா வாயைத் திறந்தாள். "இஞ்ச பாருங்க, நீங்க எழுதுற கடிதத்துக்கெல்லாம் மேலே 786 போடுறீங்களே, அது என்ன முத்திரைக் கணக்கா? பிஸ்மில்லாவத்தானே நம்பரா எழுதுறீங்க. நீங்க தலையில எழுதினத மகன் கால் வரைக்கும் எழுதியிருக்கான், வேற என்ன." றம்ஸியா கதிரையை விட்டெழும்பி அவளை அதில் இருத்தினாள். நான் நின்றேன்.

நின்றபடியே யோசித்ததில் எனக்கும் விளங்கியது. தபால் பிரிக்கிற றாக்கையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நம்பர். கல்முனையில் 109ஆம் குழியில் வெள்ளைக்காரன் குடியிருக்கிறான். தோஹாவில் அவனை எழுப்பிவிட்டு நீ அகரத்தைக் குடி வைத்திருக்கிறாய். முகவரி சரி, ஆள்தான் வேறு. அதிலும் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும் குழி காணாதென்று கொம்பு தனி, அரவு தனி என்று கழற்றிப் போட்டிருக்கிறாய். 'கொ' என்ற ஒரு எழுத்து மூன்று பார்சலாக வந்து இறங்குகிறது. கந்தோரில் நீ இப்படிப் பிரித்திருந்தால் மட்டக்களப்புத் தலைமைக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கும்.

றம்ஸியா நாலு தாளில் அச்சடித்துத் தந்தாள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தை மேசையில் வைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பக்கத்து வீட்டுச் சுபைறா பார்த்துவிட்டாள். தோஹாவிலிருந்து வந்த நோய் தீர்க்கும் இஸ்ம் என்று நினைத்து, முதல் வரியைக் குங்குமப்பூ மையால் பீங்கானில் எழுதி, கரைத்து, இருமல் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. மறுநாள் காலை வாசலில் மூன்று பேர் பீங்கானோடு நின்றார்கள், ஒருவர் மாட்டுக்குக் கேட்டார். நான் ஏசப் போனேன். "முதல் வரி ஸலாம்தானே, விடுங்க, குடிச்சா என்ன குறைஞ்சு போகும்" என்றாள் உன் உம்மா. முதல் வரி ஸலாம் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "என்ட மகன் வேற எதில தொடங்குவான்" என்றாள்.

மகன், அந்த ஒரு சொல்லில்தான் பூட்டுத் திறந்தது. உன் உம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள், தமிழெழுத்து அவளுக்கு மறந்து எத்தனையோ காலம், ஓதப்போன இடத்தில் படித்த அறபெழுத்தில்தான் தமிழை எழுதிக்கொள்வாள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நாலு வருடமாக நீ எழுதிய கடிதமெல்லாம் ஒரே நாலு வரியில் தொடங்குவதையும், அதை நான் வாசிக்க வாசிக்க அவள் வாயசைத்துக்கொண்டே கேட்டதையும் நான் கவனிக்கவில்லை. அந்த நாலு வரியும் அவளுக்கு மனப்பாடம். ஸலாம், அன்புள்ள வாப்பா உம்மா, அல்லாஹ்வின் கிருபை, ஆவலுடன் எதிர்பார்த்தல், எல்லாவற்றையும் தாளோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்து, இந்த உருவம் 'அ', இந்த உருவம் 'ல' என்று ஒரு அட்டவணை போட்டாள். பாயில் பூப்போடுகிற கண், ஒரே உருவம் எங்கே திரும்பி வருகிறதென்று அவளுக்கு உடனே பிடிபடுகிறது. இடது பக்கம் இங்கிலீஷ் உருவம், அதன் பக்கத்தில் அவளுடைய அறபெழுத்து. றம்ஸியா அசறுத் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணிக்கு வந்துபோனவள், மூன்றாவது வரிசையாகத் தமிழெழுத்தையும் எழுதிக் கொடுத்தாள். என் வசதிக்காகத்தான் என்று நினைக்கிறேன். நான் வெட்டச் சொன்ன நாலு வரிதான் கடைசியில் திறப்பு. இனி நீ எட்டு வரி எழுதினாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

வியாழன் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு உன் உம்மா பாயில் இருந்து, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். உன் கடிதத்தை அவள் வாசிக்க நான் கேட்டது அதுதான் முதல் தடவை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முக்கியமான இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என்ன என்றேன். "எழுத்து மங்கலா இருக்கு" என்றாள். பிறகு வாசித்தாள்: "வாப்பா, எனக்கு இந்தக் கலியாணம் வேணாம். அந்தப் பிள்ள படிக்கட்டும்."

மகன், எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. அவள் படிக்கிறாளா, நெல் காயப்போடுகிறாளா என்று தோஹாவிலிருக்கிற உனக்கு எப்படித் தெரியும் என்று சத்தம் போட்டேன். "கம்பியூட்டர் வெச்சிருக்கிறவனுக்குத் தெரியாம இருக்குமா" என்று உன் உம்மா கொப்பியை மூடிவிட்டாள். வாக்கு வாக்குத்தான். வெள்ளி காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சம்மாந்துறை பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வதென்று பாடமாக்கிக்கொண்டு போய், ஹாஜியாரின் முகத்தைக் கண்டதும் எல்லாம் மறந்து, நாலு தாளையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டு, முதலாம் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார், இரண்டாம் தாளைத் திருப்பினார், ஓரிடத்தில் விரல் வைத்து யோசித்தார், கடைசியில் மடித்துத் தந்து, "விளங்குது மச்சான். பொடியன் நல்ல இங்கிலீஷ்தான் எழுதியிருக்கான். ஆனாத் தலைக்கனம் தெரியுது" என்றார். நான் மறுக்கவில்லை. அதைவிட அதிசயம், திரைக்கு உள்ளேயிருந்து அவர் மனைவி ஆசியா உம்மா எனக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். தின்று முடிய இரண்டாம் துண்டும் வந்தது. மாப்பிள்ளை இல்லையென்று சொல்லப் போனவனுக்கு வட்டிலப்பமா? அந்த வீட்டாரின் பெருந்தன்மையை நினைத்து அதையும் மிச்சமில்லாமல் தின்றேன். இப்படிப்பட்ட சம்பந்தத்தை விட்டுவிட்டாயே.

ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன், உம்மாவால் இதை வாசிக்க ஏலாது என்றபடியால் துணிந்து எழுதுகிறேன். நமக்கிடையில் இருக்கிற ஏற்பாடு அப்படியே இருக்கட்டும். அவளுக்குப் பிரஷர். உன் கடிதங்களில் நான் தாண்டி வாசிக்கிற வரிகளை இனிமேலும் தாண்டித்தான் வாசிப்பேன். அதற்கு நீ பேனையால் எழுதவேண்டும். டிஸ்கில் எழுதினால் வாசிப்பு அவள் கைக்குப் போகிறது, எந்த வரியைத் தாண்டுவதென்று அவளுக்குத் தெரியாது.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும், வாப்பாவின் பேச்சைக் கேட்கிற மனமும் தருவானாக. அறையில் கூட இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் ஸலாம்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அ. மீராமுகைதீன்
இளைப்பாறிய உப தபாலதிபர்

பி.கு: சரீப் புதன்கிழமைதான் தோஹாவுக்கு வெளிக்கிடுகிறான் என்பதால் இந்தக் கடிதம் இரண்டு நாளாக மேசையில் ஒட்டாமல் கிடந்தது. உன் டிஸ்கையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். உன் உம்மா நேற்று றம்ஸியாவிடம் போய், தன் அட்டவணையைப் பார்த்து உனக்கு அதில் ஸலாம் தட்டியிருக்கிறாள். ஒரு ஸலாம் இவ்வளவு நீளமா என்று கேட்டேன். ஓம் என்றாள்.

(டிஸ்கில் இருந்தது, தோஹாவில் திரையில் தமிழாகத் தெரிந்தபடி)

மகன் றஸாக், அஸ்ஸலாமு அலைக்கும். இத நான் என்ட விரலாலதான் ஒவ்வொண்டாத் தட்டுறன். றம்ஸியா பக்கத்தில இருக்கா, அங்கால திரும்பி இரு பிள்ள எண்டு சொல்லி வெச்சிருக்கன்.

நீ வேணாமெண்டு எழுதல்ல. "வாப்பா சொன்னாச் சரி" எண்டுதான் எழுதியிருந்தாய், பார்சலுக்கு ஒப்பம் வைக்கிற மாதிரி. நாலு தாள்ல மூண்டு தாள் கம்பியூட்டர்க் கதை, அந்தப் பிள்ளைட பேர் ஒரு இடத்திலயும் இல்ல. நான்தான் மாத்தி வாசிச்சன், அல்லாஹ் மன்னிக்கோணும். செவ்வாய்க்கிழமை வாப்பா பள்ளிக்குப் போன நேரம் ஆசியா உம்மா வந்தா. நஸீறாக்கு ஆசிரியர் கலாசாலையில இடம் கிடைச்சிருக்காம், கலியாணம் முடியட்டும் எண்டு ஹாஜியார் அந்தக் கடிதத்த ஒளிச்சுப்போட்டாராம், பிள்ள சோறு தண்ணி இல்லாமக் கிடக்குதாம். ரெண்டு உம்மாமாரும் இருந்து கதைச்சுத்தான் செஞ்சம். இப்ப அந்த மனிசன், உங்கட மகன் இல்லாட்டி என்ட மகள் ரீச்சர் எண்டு ரோசத்தில நேத்தே கலாசாலைக்குக் கொண்டுபோகப் பெட்டி வாங்கிக் குடுத்துட்டாராம். உனக்கு மெய்யா அந்தப் பிள்ளதான் வேணுமெண்டா, அவ படிச்சு முடிச்சு வரட்டும், நீயே வந்து பேர் சொல்லிக் கேளு.

இன்னொண்டு. றம்ஸியா எழுதித் தந்த மூண்டாவது வரிசைய வெச்சுக்கொண்டு, பெட்டிக்குள்ள கிடந்த உன்ட பழைய கடிதம் எல்லாத்தையும் எடுத்து வாசிச்சன். போன நோன்புக்கு நீ பதினொரு நாள் ஆசுப்பத்திரியில கிடந்திருக்காய். உம்மாக்கு வாசிக்காதீங்க எண்டு நீயே எழுதியிருக்காய். அதுக்குக் கீழ, உம்மாட கையால கஞ்சி குடிக்கணும் போல இருக்கு எண்டும் எழுதியிருக்காய். அந்தத் தாள வெச்சுக்கொண்டு நான் நிறைய அழுதன் மகன். பிரஷர் ஒண்டும் ஏறல்ல.

வாப்பாவக் கோவிக்காத, நானும் கோவிக்கல்ல. மேசையில கிடந்த அவர்ட கடிதத்தையும் வாசிச்சிட்டுத்தான் இங்க வந்தன். உம்மாவால வாசிக்க ஏலாது எண்ட இடத்தில சிரிச்சுப்போட்டன், நல்ல காலம் அவர் அப்ப தொழுகைக்கு ஒழு எடுத்துக்கொண்டு நிண்டாரு.

இனிக் கடிதத்த என்ட பேருக்கு, சபூறா எண்டு போட்டு எழுது. இந்த டிஸ்கெல்லாம் தேவையில்ல, பேனையால தமிழில எழுதினாலே காணும். வாப்பாக்கு வேண்டியத நான் வாசிச்சுக் காட்டுறன்.