ஆறு மணி வரைக்கும் அட்டாக் பண்ணாதே

கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்.
ஞாயிற்றுக்கிழமை.

லாட்வியாவில் ஃபுட்பால் கோச்சாக இருக்கும் சிரஞ்சீவி ஜனார்தனுக்கு, அப்பா கோபு பெரிய பெருமாளை மனசில் சேவித்துக்கொண்டு செய்யும் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மா கோதைநாயகியும் சௌக்கியம். தொண்டை மட்டும் இருவருக்கும் போய்விட்டது.

ஜெயித்துவிட்டாயடா! இன்றைக்கு ஜெயிக்காவிட்டால் டீம் கீழ் டிவிஷனுக்கு, நீ வீட்டுக்கு என்று போன வாரம் போனில் சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷத்தில் எட்டு கிளப் மாறி, பாதி நாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவன், கோச் வேலையிலாவது நிலைக்க வேண்டாமா? எதற்கும் இருக்கட்டும் என்று மணப்பாறையில் ஒரு ஸ்கூலில் பி.டி. வாத்தியார் வேலைக்கு உன் பெயரைச் சொல்லி வைத்தேன். கோபித்துக்கொள்ளாதே. நேற்றுப் பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். மேட்ச் ஆரம்பிப்பது நம் நேரத்துக்கு நாலரை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலமும் நாலரையிலிருந்து ஆறு! உடனே வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பினேனே, “ஆறு மணி வரைக்கும் அட்டாக் பண்ணாதே, கோல் போஸ்டைக் காப்பாற்று, ஆறு அடித்ததும் புது ஆளை இறக்கு” என்று.

உன்னோடு ஸ்கூலில் பந்து விளையாடிய நஸ்ருல்லா, லேப்டாப்பையும் தன் நெட்டையும் கொண்டுவந்து டி.வி.யில் மாட்டிக் கொடுத்தான். வீதியே நம் ஹாலில். நீ அப்பா பேச்சை அப்படியே கேட்டாய். ஆறு மணி வரைக்கும் உன் ஆட்கள் கோல் வாசலை விட்டு நகரவில்லை. நீ கோட்டோரம் நின்று கத்தக் கத்த உன் அம்மா, “ஏன்னா, குழந்தை கோட்டைத் தாண்டிண்டு நிக்கறானே, ரெஃப்ரி வெரட்டிடப் போறார்! எழுந்து போய்ச் சொல்லுங்கோளேன்” என்று என்னைப் பிடுங்குகிறாள், லாட்வியாவுக்கு நான் எந்த பஸ்ஸில் போவது? ஆறு அடித்து இரண்டு நிமிஷம், பதினேழாம் நம்பர்க்காரனை இறக்கினாய். முட்டியில் கட்டு, முன்மண்டையில் வழுக்கை, சீசன் முழுக்கப் பெஞ்சிலேயே கிடந்தவனாம். “என்ன மாமா, போயும் போயும் இவரை எறக்குறான்?” என்று நஸ்ருல்லா தலையில் கை வைத்தான். “ராகுகாலம் முடிஞ்சுடுத்துடா, இனிமே யார் உதைச்சாலும் உள்ளே போகும்” என்றேன். ஆறு ஒன்பதுக்கு அந்த வழுக்கைத் தலையாலேயே முட்டினான் பார், கோல்! உன் அம்மா காபி டபராவோடு குதித்தாள். எதிர்வீட்டு ஜகன்னாத், “கோச்சுக்கே கோச் நீர்தான் ஓய்” என்று எனக்குச் சால்வை போர்த்தினார். மூன்று பேர் தங்கள் பிள்ளைகளின் இன்டர்வியூவுக்கு என்னிடம் நேரம் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். அடுத்த மேட்சுக்கும் நேரம் நானே பார்த்து அனுப்புகிறேன். பெருமாள் உன் பக்கம்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அப்பா கோபு

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது நஸ்ருல்லா என் போனை வாங்கிப் பார்த்தான். “மாமா, டேட்டாவை ஆன் பண்ணாமலேயே அனுப்பியிருக்கீங்க, மெசேஜ் போகவே இல்லை. பாருங்க, பக்கத்துல குட்டிக் கடிகாரம் நிக்குது” என்கிறான். அது ராகுகாலத்துக்காகப் போட்ட கடிகாரம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியானால் அவ்வளவும் நீயாகச் செய்ததா? பெஞ்சில் கிடந்தவனை நம்பி இறக்க உனக்குத்தானடா தோன்றும். மெசேஜை அழித்துவிட்டேன். வீதியில் யாரிடமும் சொல்லவில்லை. சால்வையைத் திருப்பிக் கேட்பார்கள். மணப்பாறைக்கு மட்டும் போன் பண்ணி, என் பிள்ளை கோச், அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.