விடியற்காலைப் பெரட்டு

"இன்னும் விடியவே இல்லலா, ஐயா. தட்டைக் கீழ வைங்க," என்று யோகேஸ்வரி கெஞ்சினாள்.

சாம்பசிவம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தகரத் தட்டைக் கரண்டியால் தட்டி, "பெரட்டு, பெரட்டு" என்று கூவினார். தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டே காலத்தை ஓட்டியவர். அவரிடம் கொழுந்து பறித்தவர்களில் பாதிப் பேர் இப்போது பிரிஞ்சாங் மலையூரின் இதே முதியோர் இல்லத்தில்தான். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்தில் வந்து நின்றார்கள். பெயர் விழுந்ததும், "இருக்கேன்" என்றார்கள்.

நர்ஸாக இருந்தவரை யோகேஸ்வரியும் இதைப் பார்த்துச் சிரித்தவள்தான். போன வாரம் இரவு சூப்பர்வைசரானாள். இடுப்பில் சாவிக்கொத்து ஏறியதோடு சிரிப்பு இறங்கிவிட்டது.

"இருட்டுல யாராவது வழுக்கி விழுந்தா, நீ மறுபடியும் நர்ஸ்தான்," என்று மேட்ரன் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கே யோகேஸ்வரி தட்டை ஒளித்து வைத்தாள். போன வருஷம் தூக்கத்திலேயே இறந்துபோன நவமணியின் கட்டில் காலியாகக் கிடந்தது, அதன் அடியில்.

மறுநாள் சாம்பசிவம் தொண்டையைத் திறந்தார். தட்டே தேவலை என்றாகிவிட்டது. கங்காணி கோபமாக இருக்கிறார் என்று, ஊன்றுகோலைக்கூட எடுக்காமல் ஓடிவந்தார்கள்.

"இன்னைக்கு லீவு, ஐயா," என்று சொல்லிப் பார்த்தாள்.

"அதைத் துரை சொல்லணும், மிஸ்ஸி."

அடுத்த நாள் காவலாளி திருமாறனுக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டித் துரையாக்கினாள். அவன் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. துரை வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, படுக்கையைவிட்டே எழாதவர்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

"பாத்ரூம்ல சுடுதண்ணி வரல, துரை," என்றாள் மணியம்மா.

"கஞ்சியில உப்பே இல்ல, துரை."

திருமாறன் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வாசலில் மேட்ரன் நின்றிருந்தாள்.

"யாரு இந்தத் துரை?" என்று கேட்டவள், "இதான் கடைசி, யோகேஸ்வரி," என்றாள்.

வேறு வழி தெரியவில்லை. டாக்டரிடம் சொல்லிச் சாம்பசிவத்துக்குத் தூக்க மாத்திரை எழுதி வாங்கினாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையை நீட்டி வாங்கி விழுங்கினார். யோகேஸ்வரிக்கு மனசு கனத்தது. புத்தி தடுமாறிய மனிதரிடம் போய் இப்படிச் செய்கிறோமே என்று வருந்தினாள்.

பெரட்டு நேரம் வந்தது. தட்டும் இல்லை, குரலும் இல்லை. சாம்பசிவம் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி நிம்மதியாகப் பெண்கள் அறையை எட்டிப் பார்த்தாள்.

ஒருத்தியைத் தவிர யாரும் தூங்கவில்லை. இருட்டில் எழுந்து உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணியம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"படுங்க பாட்டி," என்றாள் யோகேஸ்வரி. "இங்க எஸ்டேட்டும் இல்ல, பெரட்டும் இல்ல."

"அது எங்களுக்குத் தெரியாதா, மிஸ்ஸி?" என்றாள் மணியம்மா. "நவமணி ராத்திரியே செத்தது, காலையில தேத்தண்ணி கொண்டாந்தப்பதான் உங்களுக்கே தெரிஞ்சுச்சு. அன்னையிலேர்ந்துதான் கங்காணி எங்க பேரைக் கூப்பிடுறாரு."