விமானத்தின் வாலில் எங்கள் குலக்குறி

மர்சா மத்ரூஹ்,
அக்டோபர் 1996

என் அத்தை மகனும், என் மனைவி ராபிஹாவின் அண்ணனும், அலெக்சாந்திரியாவில் லாரி உதிரிபாகக் கடை வைத்துப் பேரும் தொப்பையும் வளர்த்தவருமான ஹாஜி அத்தீவா மச்சானுக்கு, ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ரஹூமா பல சலாம்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் ராபிஹாவும் ஆடுகளும் இறைவன் அருளால் சுகம். அங்கே நீங்களும் வீட்டாரும், அடுத்த மாதம் மாப்பிள்ளையாகப் போகும் உங்கள் மகன் ஃபரஜும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். என் மஸ்ஊதா அத்தைக்கு, அதாவது உங்கள் தாயாருக்கு, என் சலாமைத் தனியாகச் சொல்லுங்கள். அவர் இடக்கையால் தேநீர் ஊற்றுவதை விருந்தாளிகள் முன்னால் நீங்கள் இன்னமும் கடிந்துகொள்வதாகக் கேள்வி. எழுபது வயது தாண்டியவரிடம் அதெல்லாம் வேண்டாம், மச்சான். அந்தக் கை அப்படியே பழகிவிட்டது.

மரியாதையெல்லாம் ஆயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தோற்றுவிட்டீர்கள்.

எதில் என்று கேட்க மாட்டீர்கள். ஆங்கிலேயனும் ஜெர்மன்காரனும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் நம் மண்ணில் சண்டை போட்ட காலத்தில், விமானத்தோடு பாலைவனத்தில் விழுந்த ஆங்கிலேய விமானியைக் காப்பாற்றியது என் அப்பாவா உங்கள் அப்பாவா என்று நம் இரண்டு வீடும் அரை நூற்றாண்டாக அடித்துக்கொள்வது மத்ரூஹ் முதல் சல்லூம் வரை எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அவன் பறக்கும்போது மாட்டியிருந்த கண்ணாடி இருக்கிறது. எங்கள் வீட்டில் அவனுடைய பூட்ஸ் ஒன்று இருக்கிறது. ஆனால் பேச்சு உங்களிடம் அல்லவா இருக்கிறது! எந்தக் கல்யாணக் கூடாரத்திலும் முதல் தேநீர் வருவதற்குள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள். என் அப்பா மூலையில் உட்கார்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருப்பார், ஜனங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். பொய்யர் என்ற பெயரோடுதான் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசி நாளிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த விமானத்து வாலில் நம்ம குறி இருக்குடா, போய்ப் பாரு" என்றுதான் சொன்னார். மந்தைக்குப் போடும் அந்தக் குலக்குறி என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. போன பெருநாளன்று நீங்கள் எல்லோர் முன்னாலும், "குறியைக் காட்டட்டும், ஆட்டை அறுத்துச் சபையில் எழுந்து நின்னு ஒத்துக்கிறேன்" என்று சவால் விட்டீர்களே, அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

முப்பது வருஷம் ரயில்களுக்கு நேரம் குறித்தவன் நான். ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுவதா பெரிய காரியம் என்று நினைத்தேன். முதலில் தெற்குப் பாலைவனத்துக்குப் போக அனுமதி வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, எதற்காகப் போகிறீர்கள் என்றார். ஒரு விமானத்தைப் பார்க்க என்றேன். எப்போது வரவேண்டிய விமானம் என்றார். நாற்பத்திரண்டாம் வருஷம் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஹாஜி, நீங்க ரயில்வேயில இருந்தவர்னு சொன்னதும் நம்பிட்டேன்" என்றார். அனுமதி கிடைத்தது. அவமானமும் சேர்ந்தே கிடைத்தது.

அடுத்தது கண்ணிவெடி. சண்டை போட்டவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், புதைத்ததை மட்டும் நமக்கு விட்டுப் போனார்கள். வண்டி ஓட்ட என் மருமகன் இத்ரீஸை அமர்த்தினேன். பள்ளிக்கூட வாத்தியார், நிதானமான பிள்ளை. ஆட்டுப் புழுக்கை கிடக்கும் தடத்தில் மட்டுமே சக்கரம் போகவேண்டும், புழுக்கை இல்லாத இடத்தில் நமக்கும் வேலை இல்லை என்று சட்டம் போட்டேன். அவனும் தலையை வெளியே நீட்டிப் புழுக்கை பார்த்தே வண்டி ஓட்டியதில் ஒட்டகப்பாதையில் எதிரே வந்தவர்கள் எல்லாம் பையனுக்கு ஏதோ கோளாறு என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து சொந்தக்காரர்கள். நம் ஆட்கள் கூடாரத்து வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா? விருந்துக்கு ஆடு விழும். ஆடு விழுந்தால் அன்றைக்கு எழுந்திருக்க முடியாது, மூன்று நாள் விருந்தாளி. ஆகவே யார் யார் எங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள் என்று சந்தையில் நைசாக விசாரித்து, ஒரு சித்தப்பா மகன் கண்ணிலும் படாதபடி, சுற்றிச் சுற்றிப் போகும் ஒரு பாதையை வகுத்தேன். நேராகப் போனால் பாதி நாள். என் பாதையில் ஒன்றரை நாள். ஆனால் ஒரு உறவும் இல்லாத சுத்தமான பாதை. இத்ரீஸைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

விடிகாலையில் வந்து பார்த்தால் வண்டியின் பின்பக்கம் உங்கள் தங்கை உட்கார்ந்திருக்கிறாள். தேநீர்ப் பாத்திரம், சீனி, கம்பளி, போதாததற்கு ஒரு ஆட்டுக்குட்டி. அதன் தாய் செத்துப்போனதாம், புட்டிப்பால் கொடுக்க வேண்டுமாம். இறங்கு என்றேன்.

"நீங்க பார்த்தேன்னு வந்து சொன்னா எங்க அண்ணன் நம்புவாரா? எங்க வீட்டுப் பக்கம் ஒரு சாட்சி வேணாமா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அந்தக் குட்டியின் காதுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக் கோழிக்கால் குறி இருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷம் ஆகிறது. இன்னமும் தன் சொந்த ஆடுகளுக்குப் பிறந்த வீட்டுக் குறியைத்தான் போடுகிறாள். கேட்டால் எல்லாப் பெண்களும் அப்படித்தான் என்கிறாள். வெற்றிப் பயணத்துக்கு எதிரிக் கொடியோடு புறப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் மதியம் வரை திட்டம் அச்சுப் பிசகவில்லை. பிறகு அந்தக் குட்டி கத்தியது. அது கத்தியதைக் கேட்டு எங்கிருந்தோ ஒரு மந்தை பதில் சொன்னது. மந்தைக்குப் பின்னாலேயே அதன் சொந்தக்காரர், என் சித்தப்பா மகன் கமீஸ், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். போன வாரம்தான் மழைக்கு இடம் மாறினாராம். சந்தையில் எவனும் சொல்லவில்லை. "என் கூடாரத்தைச் சுத்திக்கிட்டுப் போற அளவுக்கு உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?" என்று கண் கலங்கிக் கேட்டார். பாதை வரைந்த காகிதம் என் கையிலேயே இருந்தது. அவர் இருந்த திசையில் நான் போட்டிருந்த பெருக்கல் குறியை அவர் பார்த்துவிட்டார்.

அப்புறம் என்ன, ஆடு விழுந்தது. மறுநாள் காலையில் கிளம்பலாம் என்றால் வண்டியில் பேட்டரி இல்லை. கமீஸ் அதைக் கழற்றிப் பெண்கள் பக்கத்தில் கம்பளிக்கு அடியில் வைத்துவிட்டார். விருந்தாளி ஓடிப்போனால் குடும்பத்துக்குக் கேவலமாம். நான் அட்டவணையைக் காட்டினேன். இத்ரீஸ் பள்ளிக்கூடம் திறக்கிறது என்றான். ராபிஹா மட்டும் உள்ளே போய்ப் பெண்களோடு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாள் முடிந்த பிறகுதான் பேட்டரி வந்தது. அதோடு கமீஸும் வண்டியில் ஏறிக்கொண்டார். அவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியுமாம், பத்து வருஷமாக அந்தப் பக்கம்தான் மேய்ச்சலாம். முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம். நான் அட்டவணையை மடித்துப் பையில் வைத்தேன்.

மச்சான், அந்த இடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விமானங்கள் இறங்குவதற்காகக் கல் பொறுக்கிச் சமன்படுத்திய பெரிய வெளி. ஓரமாகத் துருப்பிடித்த பீப்பாய்கள் இன்னும் வரிசை கலையாமல் நிற்கின்றன. இறங்கு தளத்தை எட்ட முடியாமல் கொஞ்சம் தள்ளி விழுந்து கிடக்கிறது விமானம். இறக்கைகளையும் இயந்திரத்தையும் நம் ஜனங்கள் எப்போதோ சட்டியும் தொட்டியுமாக்கிவிட்டார்கள். வால் மட்டும் மணலில் செங்குத்தாக நின்றது. நான் கிட்டே போக முடியாமல் நின்றுவிட்டேன். குறி இல்லாமல் போய்விட்டால் என் அப்பா நிஜமாகவே பொய்யராகிவிடுவாரே என்ற பயம். கமீஸ்தான் தோள்துண்டால் மணலைத் துடைத்தார்.

இருந்தது. உளியால் வெட்டினாற்போல் எங்கள் குலக்குறி. வட்டம், அதன் கீழே ஒரு கோடு, கோட்டின் நுனியில் வளைவு. நம் வழக்கத்தில் பாலைவனத்தில் கண்டெடுத்த பொருளுக்குக் கண்டவன்தானே குறி போடுவான்? வளைவு வலப்பக்கம் போகாமல் இடப்பக்கம் போயிருக்கிறதே மாமா என்று இத்ரீஸ் இழுத்தான். அப்பா மல்லாந்து படுத்துக்கொண்டு வெட்டியிருப்பார், நீ படம் எடு என்று அதட்டினேன். பிறகு அங்கேயே மணலில் நின்று இரண்டு ரக்அத் தொழுதேன். தொழுது முடித்து, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அறுபது வயதில் கமீஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். அழுகையும் வந்தது. ராபிஹா குறியைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், நிற்க முடியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் ஜெயித்தால் மனைவிக்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

புகைப்படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகவே ஃபரஜின் கல்யாணத்தில், ஊரார் கூடியிருக்கும் கூடாரத்தில், நீங்கள் எழுந்து நின்று, விமானியைக் காப்பாற்றியவர் ரஹூமாவின் தகப்பனார் ஜிப்ரீல்தான் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லும்போது தொண்டையைக் கனைத்து மழுப்பக் கூடாது. ஆடு கொழுத்ததாக இருக்கட்டும். கண்ணாடியையும் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், அது எங்கள் பூட்ஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருள்.

மணமக்களுக்கு இறைவன் நீண்ட ஆயுளும் நிறைந்த மந்தையும் தரட்டும். உங்கள் கடையில் வியாபாரம் பெருகட்டும். உங்கள் தோல்வியை நீங்கள் பெருந்தன்மையாகத் தாங்கிக்கொள்ளும் மனசையும் அவனே கொடுக்கட்டும்.

வெற்றி பெற்ற உங்கள் மச்சான்,
ரஹூமா ஜிப்ரீல்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை ராபிஹாவுக்குப் படித்துக் காட்டினேன். சாட்சியும் ஒரு வரி எழுதட்டுமே என்று நினைத்தேன். அவள் எழுத மறுத்துவிட்டாள். படத்தை எடுத்து என் முன்னால் வைத்து, "எங்க அம்மாவோட ஆடுகளுக்கு என்ன குறி?" என்று கேட்டாள். என் அப்பாவின் கூடப் பிறந்தவர் ஆயிற்றே, பிறந்த வீட்டுக் குறிதான், எங்கள் குறிதான் என்றேன். "அந்த வளைவு எந்தப் பக்கம் போகும்?" என்றாள். படத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன். இடக்கைக்காரி போட்ட குறி வேறு எந்தப் பக்கம் போகும், மச்சான்?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பாவும் மாமாவும் சீனி வாங்க பர்ரானி சந்தைக்குப் போயிட்டாங்க. அம்மாதான் ஆடு மேய்க்கப் போன இடத்துல அந்த ஆளைப் பார்த்திருக்கு. கால் முறிஞ்சு கிடந்தானாம். வேற யாரும் வந்து சொந்தம் கொண்டாடக் கூடாதுன்னு முதல்ல வாலில குறியைப் போட்டுட்டு, அப்புறம் அவனைக் கழுதையில தூக்கிப் போட்டுக் கொண்டாந்திருக்கு. ஜெர்மன்காரங்க தேடிட்டு வந்தப்போ அவன் மேல கம்பளியை விரிச்சு, அது மேல உக்காந்து தறியில நெய்ஞ்சுட்டே இருந்துச்சாம். மறுநாள் ஆம்பளைங்க ரெண்டு பேரும் வந்தாங்க. யார் ஒட்டகத்துல அவனை ஆங்கிலேயர்கிட்ட கொண்டுபோறதுன்னு சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டாங்க. அவ்வளவுதான் அவங்க செஞ்சது. அண்ணனும் சும்மா இல்லை, அப்போ சின்னப் பிள்ளை, அந்தக் கழுதையில விமானிக்கு முன்னால உக்காந்து வழியெல்லாம் அழுதுட்டு வந்தாராம்."

இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். தனியாக இருந்த பெண் அந்நிய ஆணைக் கூடாரத்தில் வைத்திருந்தாள் என்று அன்றைக்கு யார் சொல்ல முடியும் என்றாள். பிறகு, "அப்புறமும் யாரு கேட்டீங்க? நீங்க ரெண்டு பேருமேதானே பேசிட்டிருந்தீங்க" என்றாள். நம் இருவருக்கும் சுன்னத்தன்று போட்ட வெள்ளைப் பட்டுச் சட்டை நினைவிருக்கிறதா? அந்தப் பாலைவனத்தில் பட்டு எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்டோமா? விமானியின் பாராசூட்டாம். அத்தை தைத்தாராம்.

என் அப்பா பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு ஆறுதல். "நம்ம குறி" என்றுதான் சொன்னார், தான் போட்டதாகச் சொல்லவே இல்லை. மற்றபடி மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். ஆடு இரண்டு, ஆளுக்கொன்று. கண்ணாடியும் பூட்ஸும் இரண்டுமே அத்தையிடம் போகட்டும். கல்யாணக் கூடாரத்தில் நாம் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்காருவோம், அவர் சொல்லட்டும். ஆனால் எப்படிப் பார்த்தாலும் ஜெயித்தது எங்கள் வீட்டுப் பெண்தான் என்பதை நீங்கள் மறுக்க முடியாது.

வழக்கம்போல் இதையும் நீங்கள் வீடு முழுக்கக் கேட்கும்படி உரக்கத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். அத்தை பக்கத்தில்தான் இருப்பார். திரும்பி அவர் முகத்தைப் பாருங்கள், மச்சான். அவர் இடக்கையால் தேநீர் நீட்டினால் பேசாமல் வாங்கிக் குடியுங்கள்.