கடைசி வரிசை ஜன்னல் சீட்

இந்தப் பயணத்தில் தூங்கியே தீருவது என்று மெத்தைக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

மெத்தைக்காரர் என்றால் மெத்தைக் கடை மேனேஜர். ஊர் ஜனங்களுக்கெல்லாம் தூக்கத்தின் அருமையை எடுத்துச் சொல்கிற உத்தியோகம். "படுத்துப் பாருங்க சார், கண்ணு தானா சொருகும்" என்பார். வாடிக்கையாளர் படுப்பார். இவருக்குக் கண் சொருகும். என்ன செய்வது? வீட்டில் கைக்குழந்தை.

குழந்தைக்குச் செல்லப்பெயர் ஜட்ஜம்மா. எதிரில் யார் வந்தாலும் ஏற இறங்கப் பார்த்து, சாட்சியத்தை எல்லாம் யோசித்து, அப்புறம்தான் அழும். தண்டனை எப்போதும் அப்பாவுக்கு. தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடக்க வேண்டும். அம்மா தூங்குகிறாளா என்று கேட்கிறீர்களா? அவளும் இல்லை. ஆனால் அது மெத்தைக்காரர் மனதில் அவ்வளவாகத் தைத்ததில்லை.

மாமனார் ஊருக்கு விமானத்தில் போவதென்று ஏற்பாடானது. நாலு மணி நேரம். மடியில் ஜட்ஜம்மா, அவள் கையில் முன்சீட்டுக்காரர் தலைமுடி. நினைத்துப் பார்த்ததுமே மெத்தைக்காரருக்கு வியர்த்தது. வியர்த்தால் அவருக்கு மூளை நன்றாக வேலை செய்யும்.

அவர் மனைவிக்கு டிக்கெட் கம்பெனியில் உத்தியோகம். போனில் கூப்பிடுகிறவர்களின் குறை கேட்கும் பிரிவு. அதனால் அவளுக்கு இரண்டு குரல். வீட்டுக்கு ஒன்று: "ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" ஆபீசுக்கு ஒன்று, தேன்: "வணக்கம், தங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?" வீட்டில் என்றைக்காவது அந்தத் தேன் குரல் ஒலித்தால், என்ன தப்பு பண்ணினோம் என்று மெத்தைக்காரர் கணக்குப் பார்ப்பார்.

ஊழியர் சலுகையில் எடுத்த டிக்கெட். சீட்டை மாற்றுவதென்றால் அவள் கம்பெனியில்தான் மாற்ற முடியும். அதற்கெல்லாம் அசருகிறவரா? மனைவியின் வார லீவு நாளாகப் பார்த்தார். அவள் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரமாகப் பார்த்தார். மொட்டை மாடிக்குப் போய், வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு போன் போட்டார்.

"நாலாவது வரிசையில ஒரு அம்மாவும் குழந்தையும் வர்றாங்க. பக்கத்துல எனக்குப் போட்டிருக்கீங்க. அங்கேருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ, தள்ளிடுங்க."

"குழந்தை சத்தம் தொந்தரவா இருக்கும்னு பாக்கறீங்களா சார்?"

"அது குழந்தையா? ஆலைச் சங்கும்மா! றெக்கை மேல இடம் இருந்தாக்கூடக் குடுங்க, பிடிச்சுக்கிட்டு வந்துடறேன்."

"கடைசி வரிசையில ஜன்னல் சீட் இருக்கு சார்."

"நீங்க நல்லா இருக்கணும்!" யார் எந்த உதவி செய்தாலும் அவர் வாயில் வருகிற வாசகம் அது.

அன்று சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியிடம் வந்தார்.

"இந்த அநியாயத்தைப் பாத்தியா? கம்ப்யூட்டர் தானா என்னைத் தூக்கிக் கடைசியில போட்டுடுச்சு. போன் பண்ணிக் கெஞ்சிப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"அப்படிங்களா?" என்றாள் மனைவி. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

தேன் குரல்! அப்போதே கணக்குப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷம் காதை அடைத்துவிட்டது.

விமானத்தில் மெத்தைக்காரர் ராஜா மாதிரி போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தார். பக்கத்தில் ரிட்டயர்டான ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற வழக்கம் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. முன்னால் ஜட்ஜம்மா குரலைத் தூக்கினாள்.

"யார் குழந்தையோ, பாவம்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"யாரோ!" என்றார் மெத்தைக்காரர். சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. "பச்சக் குழந்தையைத் தூக்கிட்டு இதுல வரணுமா? என்ன ஜனங்களோ!"

"தம்பிக்குக் குழந்தை குட்டி?"

"அய்யோ, எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

சொன்ன பிறகுதான் தலை நிமிர்ந்தார். நடைபாதையில், இடுப்பில் குழந்தையோடு, முகமெல்லாம் புன்னகையாக அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"வணக்கம் சார்" என்றாள். தேன் வழிந்தது. "தனியா வர்றேன். குழந்தை ஒரே அழுகை. கொஞ்ச நேரம் வெச்சுக்க முடியுமா?"

"நானா?"

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"வந்திருக்கணும்மா. கடைசி நேரத்துல கழண்டுக்கிட்டார்."

"இப்படியும் ஒரு மனுஷனா! கல்நெஞ்சக்காரன். என்ன தம்பி, நான் சொல்றது சரிதானே?"

"ஆமாங்க" என்றார் மெத்தைக்காரர். "கல்நெஞ்சக்காரன்தான்."

"தம்பி தங்கமான பிள்ளை. நீ குழந்தையைக் குடுத்துட்டுப் போய் நிம்மதியா உக்காரும்மா."

ஜட்ஜம்மா ஒரே தாவாகத் தாவி அவர் மூக்கைப் பிடித்தாள். அழுகை நின்றது. "பாருங்களேன், எப்படி ஒட்டிக்கிட்டா! சார் மாதிரி ஒருத்தர் கிடைக்க யாருக்குக் குடுத்துவெச்சிருக்கோ" என்று சொல்லிவிட்டு மனைவி போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் என்பதற்கு அகராதியில் என்ன பொருளோ தெரியாது. அவள் திரும்பி வரவில்லை. தன் பையிலிருக்கும் கழுத்துத் தலையணையையாவது எடுக்கலாமென்று திறந்தார். கடையிலேயே உசத்தியான சரக்கு அது. தலையணையைக் காணோம். கண்ணை மூடும் பட்டையைக் காணோம். அவை இருந்த இடத்தில் டயப்பர், கஞ்சி டப்பா, பால் பாட்டில், கிலுகிலுப்பை, மாற்றுச் சட்டை. எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தது. மெத்தைக்காரர் அப்போதுதான் கணக்குப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவர் மானம் முக்கியம். கஞ்சியில் பாதி குழந்தைக்குள் போனது, மீதி இவர் சட்டைக்கு. அலமாரி அளவு கழிவறையில், விமானம் குலுங்கக் குலுங்க டயப்பர் மாற்றினார். ஒட்டுப்பட்டை குழந்தையைத் தவிர எல்லாவற்றிலும் ஒட்டியது. வெளியே வந்தால் ஜட்ஜம்மா மறுபடி சாட்சியம் கேட்க ஆரம்பித்தாள். தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஹாலுக்கும் அடுப்படிக்கும் பதிலாக, கடைசி வரிசைக்கும் நாலாவது வரிசைக்கும்.

நாலாவது வரிசையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இவர் தலையணை, கண்ணில் இவர் பட்டை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கல்யாணமான புதிதில் அப்படித்தான் தூங்குவாள். அதைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. அடப் பாவமே, இவளும்தானே தூங்கவில்லை என்று முதல் முறையாக மனசுக்குச் சுருக்கென்றது. ஜட்ஜம்மா அம்மாவின் பட்டையைப் பிடுங்கக் கையை நீட்டினாள். "உஷ்! அம்மா தூங்கட்டும்டா கண்ணு" என்று திருப்பிக்கொண்டு நடந்தார். இறங்குகிற வரைக்கும் நடந்தார்.

பெட்டி வருகிற இடத்தில், மலர்ந்த முகத்தோடு மனைவி வந்து சேர்ந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் தன் பெட்டியை எடுத்துக்கொண்டு இவர் பக்கம் குனிந்தார்.

"ரெண்டு மூக்கும் ஒரே அச்சு தம்பி. குழந்தை வந்து உக்காந்ததுமே தெரிஞ்சுபோச்சு. பள்ளிக்கூடத்துல இதைவிட நல்லாப் பொய் சொல்ற பசங்களைப் பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெத்தைக்காரர் மனைவியைப் பார்த்தார். சட்டையில் கஞ்சி காய்ந்துபோயிருந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க போன் பண்ணினப்போ எடுத்தது என் பக்கத்து மேஜைக்காரி. அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டா. வாயில துணியை வெச்சுக்கிட்டாலும், 'நீங்க நல்லா இருக்கணும்'னு வேற யாருங்க சொல்வாங்க?"

"சும்மா அனுமானம்தானே?"

"ஆரம்பத்துல 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்'னு ஒரு குரல் சொல்லுமே, கேக்கலையா? மறுநாள் எங்க செக்‌ஷனே சுத்தி உக்காந்து கேட்டுச்சு. ஆலைச் சங்கு வர்ற இடத்தை ரெண்டு தடவை போட்டாங்க."

மெத்தைக்காரர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார். ஒருவழியாக அது தூங்கிப்போயிருந்தது.

"தப்புதான்" என்றார். நிஜமாகவே சொன்னார். "நீ அங்கே தூங்கறதைப் பாத்தேன். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இனிமே நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்."

அவள் கிட்டே வந்தாள். கைக்குட்டையால் அவர் சட்டைக் கஞ்சியைத் துடைத்துவிட்டாள். மன்னித்துவிட்டாள் என்று மெத்தைக்காரர் மூச்சு விட்டார்.

"நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் திரும்பி வர்ற டிக்கெட்டை நேத்தே மாத்திட்டேன்" என்றாள் வீட்டுக் குரலில். "கடைசி வரிசை ஜன்னல் சீட். நீங்களும் ஜட்ஜம்மாவும். நான் இன்னும் ஒரு வாரம் அப்பா வீட்டுல தூங்கிட்டு வர்றேன்."

அவர் வாயைத் திறப்பதற்குள் தேன் குரல் வந்தது: "எங்களை அழைத்தமைக்கு நன்றி!"