எழுவர் குழுவின் ஒருமனதான கருத்து

உவர்நாட்டுக்கு மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் கடல் விட்டுப்போன நிலம். அங்கே உப்பு விளைந்தது, வேறெதுவும் விளையவில்லை. ஆகவே குடிமக்கள் உப்பு வாரினார்கள். மன்னர் வாரவில்லை, ஆண்டார். அவரைக் குடிமக்களே ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிடுபவர் ஒருவர்தான் என்பதால் எண்ணிக்கை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும்.

உப்பில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குத் தோல் வெடிக்கும். குதிகால் பிளக்கும், விரல் இடுக்கெல்லாம் புண்ணாகும். அவர்கள் மன்னர் பொன்மேனியாரிடம் ஒரு மனுக் கொடுத்தார்கள். கேட்டது இரண்டுதான்: காலுக்கு ரப்பர் பூட்ஸ், வேலை முடிந்து கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர். குடிக்க மட்டும் மழைநீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். நாட்டில் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று, கிழக்கு உப்பளத்தில் இருந்தது. இன்னும் நாலு வெட்டினால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

மன்னர் மனுவைப் படித்துக் கண்கலங்கினார். என் மக்கள் இவ்வளவு சின்னதாகவா கேட்பது என்று சபையில் வருந்தினார். பூட்ஸும் கிணறும் எந்த நாட்டிலும் உண்டு. உவர்நாட்டுக்கென்று ஒரு பெருமை வேண்டாமா? அப்படிப் பிறந்ததுதான் அரச மெய்க்காப்புக் கழகம். மெய் என்றால் உடம்பு, மெய் என்றால் உண்மை. இரண்டையும் ஒரே நிறுவனம் காப்பது சிக்கனம் என்று அரசாணை விளக்கியது. மன்னரின் மைத்துனர் கனகசபேசர் கழகத்தின் தலைவரானார். அவருக்கு வேறு வேலை இல்லை என்பதும் ஒரு தகுதியாகக் குறிப்பிடப்பட்டது.

கழகம் பெரிய பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்தது. அவற்றைக் களிம்பாக்கி, பெட்டியில் அடைத்து, பொற்றோல் என்று பெயர் வைத்தது. தடவினால் அந்த உயிர்கள் தோலின்மேல் குடியேறி, பெருகி, வெடிக்காத இரண்டாவது தோலாகிவிடும் என்பது திட்டம். தொட்டிக்குள் அவை நன்றாகத்தான் பெருகின. மனிதர்மேல் என்ன செய்யும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் அறிஞர்கள் இருக்கிறார்களே என்றார் கனகசபேசர்.

ஏழு பேரைக் கொண்ட அறிவியல் ஆலோசனைக் குழு அமைந்தது. ஒருவர் மீன் செதில் பற்றி நூல் எழுதியவர். ஒருவர் மரப்பட்டைகளில் தேர்ந்தவர். இன்னொருவர் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளை ஆராய்ந்தவர். புள்ளி என்ற அளவில் துறை பொருந்தியது. மனிதத் தோலைப் படித்தவர் குழல்மொழி என்ற அம்மையார் ஒருவர்தான். அவரைச் சேர்த்தது எழுத்தர் செய்த தவறு என்று பேசிக்கொண்டார்கள். ஏழு பேரின் முகமும் பொற்றோல் பெட்டியின்மேல் வண்ணத்தில் அச்சாயிற்று. பெட்டியைப் பார்த்த பிறகுதான் தாங்கள் ஆலோசகர்கள் என்பதே மூன்று பேருக்குத் தெரிந்தது.

முதல் கூட்டம் விருந்தோடு நடந்தது. சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில், இதை மக்களுக்குக் கொடுக்கலாமா, பலன் இருக்குமா என்று கேள்வி வந்தது. குழல்மொழி தாள்களைப் படித்திருந்தார். ஒரே ஒரு கையில்கூடத் தடவிச் சோதித்ததாக அதில் இல்லை. கொடுக்கவே முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கனகசபேசர் பக்கத்தில் நின்று தம் கையாலேயே இரண்டாவது முறை பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுகிற மனிதரின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "பார்க்கலாம்" என்றார் குழல்மொழி. மற்ற ஆறு பேரும் அப்பாடா என்று "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள்.

பெண் கேட்டு வந்தவரிடமும் வீடு வாடகைக்குக் கேட்டு வந்தவரிடமும் நீங்களும் நானும் எந்தப் பொருளில் அதைச் சொல்வோமோ, அந்தப் பொருளில்தான் அவர்களும் சொன்னார்கள். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல மனம் வராத நம்மைப் போன்றவர்களுக்காகவே இருக்கிற சொல் அது. ஆனால் குழுவின் குறிப்பெழுத்தர் ஏகாம்பரம் நேர்மையான மனிதர். காதில் விழுவதை மட்டும் எழுதுவார். பலன் இருக்குமா என்று கேட்டார்கள், பார்க்கலாம் என்றார்கள். அவர் எழுதினார்: பலனைப் பார்க்கலாம் என்று எழுவர் குழு ஒருமனதாகத் தெரிவித்தது. மறுநாள் அந்த வாக்கியம் பெட்டியில் முகங்களுக்குக் கீழே ஏறிவிட்டது.

குடிமக்கள் எல்லோரும் காலையும் மாலையும் பொற்றோல் தடவ வேண்டும் என்று முதல் ஆணை வந்தது. தடவினார்கள். மூன்றாம் நாள் அரிக்க ஆரம்பித்தது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. புகார் போயிற்று. கனகசபேசர் மேடையேறி விளக்கம் தந்தார். "இத்தனை காலமும் உங்கள் தோல் உறங்கிக்கொண்டிருந்தது. இப்போதுதான் விழித்துக்கொண்டிருக்கிறது. விழித்தெழும் தோலைக் கண்டு அஞ்சுவது நாட்டுக்கு அழகல்ல." அன்றே அரிப்பு என்ற சொல் அகராதியிலிருந்து நீக்கப்பட்டு, விழிப்பு என்று மாற்றப்பட்டது. சொறிவது விழித்த தோலைத் தாக்கும் குற்றமாயிற்று. நகத்தை ஒட்ட வெட்டுவதற்கென்று அதிகாரிகள் உப்பளம் உப்பளமாக வந்தார்கள். வெட்டிய வேகத்தில் சிலருக்குச் சதையும் போயிற்று.

கிழக்கு உப்பளத்தில் பேச்சித்தாய் என்ற பெண் ஒன்றைக் கண்டுபிடித்தாள். வேலை முடிந்து கிணற்று நீரில் கழுவினால் களிம்பு கரைந்து ஓடியது, எரிச்சல் அடங்கியது. இதை நாலு பேரிடம் சொன்னாள். நாலு பேர் நானூறு பேரிடம் சொன்னார்கள். கழகமும் அதைக் கண்டுபிடித்தது: பொற்றோலின் உயிர்கள் நல்ல தண்ணீரில் சாகின்றன. எனவே நல்ல தண்ணீர் தேசத்துக்கு எதிரானது. குடிமக்கள் எவரும் நல்ல தண்ணீரில் குளிக்கவோ கை கால் கழுவவோ கூடாது என்று ஆணை வந்தது. கிணற்றையே மூடிவிடலாம் என்றும் முடிவாயிற்று. எழுவர் குழு ஒப்புதல் தர வேண்டியது மட்டும் பாக்கி.

பேச்சித்தாய் பெட்டியை எடுத்துக்கொண்டு தலைநகருக்கு நடந்தே போனாள். குழல்மொழியின் வீட்டு வாசலில் நின்று பெட்டியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இந்தப் படத்துல இருக்கது நீங்கதானம்மா?"

"நான்தான்."

"மத்த ஆறு பேரும் ஆம்பளைங்க. பொம்பள ஒருத்தி இருக்காளே, அவ பாத்துத்தான சொல்லியிருப்பான்னு நெனச்சித்தான் தடவுனேன்."

கைகளை நீட்டினாள். உப்பும் களிம்பும் சேர்ந்து விரல் நுனிகளைத் தின்றிருந்தன. மேல்தோல் கழன்று, வெந்து தொலி உரித்த கிழங்குபோல் வழுவழுவென்று சிவந்திருந்தன.

"வாரு பலகயப் பிடிக்க முடியல. கெணத்துத் தண்ணியில கழுவுனாத்தான் கொஞ்சம் ஆறுது. அதையும் மூடப் போறாவளாம். நீங்க ஒரு வார்த்த சொன்னா மூட மாட்டாவன்னு சொல்லுதாவ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா, அந்தக் கெணறு மட்டும் இருந்தாப் போதும்."

குழல்மொழிக்கு அவள் கையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு கரண்டிப் பாயசத்துக்காகச் சொன்ன சொல் இங்கே வந்து நிற்கிறது. கட்டாயம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது கூட்டத்தில் அவர் எதையும் சாப்பிடவில்லை. கிணற்றை மூடலாமா என்று கேட்கப்பட்டது. ஆறு பேரும் பார்க்கலாம் என்றார்கள். குழல்மொழி எழுந்து நின்றார். இந்த முறை யாரும் திரித்துக்கொள்ள முடியாத ஒரு சொல்லை வழியெல்லாம் தேடி எடுத்து வந்திருந்தார்.

"கூடாது" என்றார்.

கனகசபேசர் திகைத்தார். "அம்மையார் தம் கருத்தைச் சற்றே விரிவாக எடுத்துரைத்தால்..."

"விரிவாக ஒன்றும் இல்லை. கூடாது. அவ்வளவுதான்."

கூடத்தில் அப்படியொரு சொல் அதுவரை கேட்டதில்லை. ஏகாம்பரம் எழுதுகோலோடு தவித்தார். எது கூடாது? அம்மையார் சொல்லவில்லையே. பக்கத்தின் தலைப்பில் எழுவர் குழு என்று இருந்தது. அதைப் பார்த்தார், எழுதினார், கனகசபேசரிடம் காட்டினார். கனகசபேசரின் முகம் மலர்ந்தது. அம்மையாரின் பெருந்தன்மையை நாடு மறக்காது என்று சொல்லி எல்லோருக்கும் பொன்னாடை போர்த்தினார்.

மறுநாள் அரசிதழில் வந்தது: எழுவர் குழு இனிக் கூடாது.

குழு இனிக் கூடாது என்பதால் அது சொன்ன கருத்தை இனி யாரும் மாற்ற முடியாது. எனவே பலனைப் பார்க்கலாம் என்பது நாட்டின் நிரந்தரக் கொள்கையாயிற்று. கிணற்றை மூட ஒப்புதல் கேட்கவும் ஆளில்லை, ஆகவே ஒப்புதல் தேவைப்படவில்லை. குழல்மொழி ஓடிப்போய் ஏகாம்பரத்திடம் சண்டை பிடித்தார். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நீங்க சொன்னதுல ஒரு எழுத்துகூட நான் மாத்தலையேம்மா" என்றார்.

கிணற்றின்மேல் பாறைப் பலகை ஏறியது. அரக்கு முத்திரை விழுந்தது. வேலாண்டி என்ற காவலன் ஆணையின் நகலோடு அங்கே நிறுத்தப்பட்டான். அவனும் குடிமகன் என்பதால் அவனும் தடவினான், அவனுக்கும் அரித்தது. உப்பைத் தொடாத கை என்பதால் உரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகு தேர்தல் வந்தது. அந்த ஆண்டு புதிதாக, தான் தான்தான் என்பதற்கு அத்தாட்சியாக ஒவ்வொருவரும் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும் என்றார்கள். பேச்சித்தாய் விரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தாள். கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது, உள்ளே ஒரு கோடும் இல்லை. அதிகாரி மூன்று முறை வைக்கச் சொன்னார்.

"ரேகை விழலையே."

"கை இங்கதானய்யா இருக்கு."

"கை இருக்கு, நான் இல்லேங்கல. ரேகை இல்லாட்டி பதிவேட்டுல நீ இல்ல" என்றார் அதிகாரி. கடுமையாகச் சொல்லவில்லை. அவருக்கும் அன்று அலைச்சல்.

சாயங்காலத்துக்குள் உப்பு வாருகிறவர்கள் அனைவரும் பதிவேட்டிலிருந்து நீங்கினார்கள். அரண்மனைக்காரர்கள், கழகத்தார், காவலர்கள் ஆகியோரின் வாக்குகளில் ஒன்றுகூடச் சிதறாமல் மன்னர் வென்றார். வெற்றி விழாவில் கனகசபேசர் அறிக்கை படித்தார்: உவர்நாட்டுக் குடிமக்களில் ஒருவருக்குக்கூட இன்று தோல் வெடிப்பு இல்லை. அண்டை நாட்டுத் தூதர்கள் கணக்கைச் சரிபார்த்தார்கள். கணக்கு சரியாக இருந்தது.

மறுநாள் நண்பகலில் கிழக்கு உப்பளத்துக்காரர்கள் கிணற்றடிக்கு வந்தார்கள். குழல்மொழியும் வந்தார். வேலாண்டி தடியைக் குறுக்கே பிடித்தான். குழல்மொழி அவனிடமிருந்து ஆணையின் நகலை வாங்கினார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாகப் படித்தார், இரண்டு முறை. "குடிமக்கள் எவரும் என்று போட்டிருக்கிறது" என்றார்.

பேச்சித்தாய்க்குச் சட்டென்று புரிந்தது. "அப்ப எங்கள எப்படிய்யா தடுப்ப? நாங்கதான் இல்லியே" என்றாள்.

வேலாண்டி நகலை வாங்கித் தானும் படித்தான். இல்லாதவர்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஒதுங்கி நின்றான். பத்துப் பேர் சேர்ந்து பாறையைத் தள்ளினார்கள். முதல் வாளி மேலே வந்தது. பேச்சித்தாய் இரண்டு கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே இருந்தாள். குழல்மொழி அழுதார்.

பேச்சித்தாய் கண்ணைத் திறந்தபோது வேலாண்டி கழுத்தைத் தோளோடு தேய்த்துக்கொண்டு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. வாளியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். ரேகைகள் ஒன்று விடாமல் இருந்தன.

"வேண்டாங்க்கா" என்றான். "நான் இன்னும் குடிமகன்தான்."